ஜெர்மன் இலக்கணத்துக்குத் தமிழே நல்ல ஏணி

ஜெர்மன் படிப்பின் தொடக்க நிலைகளான ஏ1, ஏ2 இரண்டையும் தாண்டி இப்போது அடுத்த நிலையான பி1 பாடங்களில் இருக்கிறேன். புதிதாக ஜெர்மன் தொடங்குபவர்களுக்கு உதவட்டும் என்று, இத்தனை காலத்தில் எனக்குக் கைகொடுத்தவற்றை எழுதுகிறேன்.

பாடத்துக்கு ஜெர்மனியின் ஒளிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லே இலவசமாகத் தரும் வீடியோ பாடங்களே போதுமானதாக இருந்தன. சின்னச் சின்னக் காட்சிகள், உடனே பயிற்சிகள், பி1 வரை ஒரே தொடர்ச்சி. வார்த்தைகளை மனப்பாடம் செய்ய அன்கி என்ற செயலியின் அட்டைகள். ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் டேர், டீ, டாஸ் என்ற மூன்றில் அதற்குரிய ஆர்ட்டிகிளோடும் (ஆங்கில 'the' போல முன்னால் வரும் சொல்) பன்மையோடும் சேர்த்தே அட்டையில் ஏற்றுங்கள். மேஜை 'டேர் டிஷ்', கதவு 'டீ ட்யூர்', ஜன்னல் 'டாஸ் ஃபென்ஸ்டர்'. இதில் காரணம் தேடிப் பயனில்லை, மனப்பாடம்தான். ஆனால் 'உங்', 'ஹைட்', 'கைட்' என்ற விகுதிகளோடு முடியும் பெயர்கள் எல்லாம் டீ. 'ஷென்' என்று முடியும், சிறியது என்று காட்டும் பெயர்கள் டாஸ். இந்தச் சில விதிகளே பெரிய சுமையைக் குறைத்துவிடும்.

அப்புறம் எல்லோரும் பயப்படும் வேற்றுமைகள். ஆங்கில விளக்கங்களில் இது பூதம்போல் தெரிகிறது. தமிழில் யோசித்துப் பாருங்கள்: நாய், நாயை, நாய்க்கு. ஜெர்மனில் அந்த 'ஐ'யும் 'கு'வும் பெரும்பாலும் ஆர்ட்டிகிளில் தெரியும்: டேர் ஹுண்ட், டேன் ஹுண்ட், டேம் ஹுண்ட். 'ஐ' வரும்போது ஒருமையில் டேர் மட்டும்தான் டேன் ஆகும். டீ, டாஸ் அப்படியே இருக்கும்.

'எனக்குக் குளிருது' என்பதற்கு அவர்கள் சொல்வது 'மியர் இஸ்ட் கால்ட்'. இந்த 'மியர்' நம்முடைய 'எனக்கு'தான். 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்பதிலும் அதே 'மியர்' வரும். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இந்த இடத்தில் திணறுவார்கள், நமக்கு இது தாய்மொழிப் பழக்கம். 'பள்ளிக்கு', 'பள்ளியில்' என்ற வித்தியாசமும் அப்படித்தான். போகும்போது 'இன் டீ ஷூல', அங்கே இருக்கும்போது 'இன் டேர் ஷூல'. டீ எப்படி டேர் ஆனது என்று குழம்ப வேண்டாம். அங்கே இருப்பதைச் சொல்ல ஜெர்மன் நம் 'இல்'லுக்குப் பதில் 'கு' வேற்றுமையையே எடுக்கும், அதில் டீ டேர் ஆகிவிடும். ஆனால் ஒன்றுக்கு ஒன்று எப்போதும் பொருந்தாது. 'உதவு' என்ற வினைக்கு நாமும் 'கு' போடுகிறோம், அவர்களும் அப்படியே. 'கேள்' என்ற வினைக்கு நாம் 'அவனிடம்' என்போம், அவர்கள் 'அவனை' என்பார்கள். அதனால் வினைச்சொல்லை அதன் வேற்றுமையோடு சேர்த்துப் படியுங்கள்.

வாக்கிய அமைப்பில் சாதாரண வாக்கியத்துக்கு வினை இரண்டாம் இடத்தில் நிற்கும். 'வைல்' (ஏனென்றால்) என்று காரணம் சொல்லத் தொடங்கினால் வினை கடைசிக்குப் போய்விடும், தமிழ் மாதிரியே. 'அன்ரூஃபன்' (போன் செய்வது) போன்ற பிரியும் வினைகளில் 'அன்' தனியாக உடைந்து வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கும். கடைசிவரை காத்திருந்து பொருள் கொள்வது நமக்குப் புதிதில்லை என்பதால் கேட்டுப் புரிந்துகொள்வது சீக்கிரமே வசப்படும்.

எனக்கு இன்னமும் கடினமாக இருப்பது பெயரடைகளின் விகுதிகள்தான். ஏ1 படிக்கும்போது அந்த அட்டவணையைத் திறக்கவே வேண்டாம். ஆர்ட்டிகிள்கள் வாயில் தானாக வரத் தொடங்கிய பிறகு பார்த்தால் போதும்.