ரிசோர்ட்டில் டிப்ஸ்: தலையணை மேலா, உண்டியலிலா, கடைசி நாள் உறையிலா?

நல்லூர்ப் பூங்காவனம் முடிந்த மறுநாளே வான் பிடித்துக் கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடாவுக்குப் புறப்பட்டோம். ஸ்காபரோவிலிருந்து வந்த அக்காவும் அத்தானும், பாரிஸிலிருந்து வந்த மாமி, யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவும் நானும். எங்கள் பக்கத்தில் கசூரினா இருக்கிறது, சாட்டி இருக்கிறது. ஆனால் காலையில் போய்க் குளித்து, கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிட்டு, மாலையில் வீடு திரும்பும் கடற்கரைகள் அவை. இது வேறு, ரிசோர்ட். மூன்று இரவு, சாப்பாடு, குடிவகை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை. வரவேற்பு மேசையில் ஆளுக்கொரு நீலப் பட்டியை மணிக்கட்டில் கட்டிவிட்டார்கள். இனிமேல் பணப்பையைத் தொடவே தேவையில்லை என்றார் அத்தான்.

பெட்டிகளைத் தூக்கி வந்த பையன் அறை வாசலில் ஒரு கணம் தயங்கி நின்றான். அத்தான் சட்டைப்பையைத் தடவினார். மாமி என்னைப் பார்த்தார். அம்மா மட்டும், “தம்பி, சாப்பிட்டாயா?” என்று கேட்டபடியே கைப்பையைத் திறந்தார்.

அன்று இரவே டிப்ஸ் வழக்கு தொடங்கிவிட்டது. மாமியின் கட்சி: ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை. பிரான்ஸில் உணவக விலைக்குள்ளேயே சேவை அடங்கிவிடும். மிஞ்சினால் மேசையில் சில்லறையை விட்டுவிட்டு எழும்பலாம். இங்கேயும் 10 வீதம் சேவைக் கட்டணம் எடுக்கிறார்களே, பிறகு எதற்கு என்றார். பாதிக்கு மேல் சரியான வாதம்தான். நம் நாட்டு ஹோட்டல்களில் அந்த 10 வீதம் மாதக் கடைசியில் ஊழியர்களுக்குள் பங்கிடப்படுகிறது. சமையலறை, சலவை, தோட்டம் என்று நம் கண்ணில் படாதவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. அறைக்கும் உணவுக்கும் 2 இலட்சம் என்றால் 20,000 ரூபாய் அந்த வழியில் போகிறது. ஆனால் மாமி பில்லின் அடியிலிருந்த 18 வீத வற் (பெறுமதி சேர்) வரியையும் டிப்ஸ் கணக்கில் சேர்த்துவிட்டார். அது அரசாங்கத்துக்குப் போவது. பையனுக்கு ஒரு சதமும் வராது. இன்னொன்று, சேவைக் கட்டணம் அறைகள் நிறைவதைப் பொறுத்தது. கிழக்கில் கடல் அமைதியாக இருக்கும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை பங்கு பருக்கும். மாரி தொடங்கி அறைகள் காலியானதும் சுருங்கிவிடும். மொத்த விலைப் பொதியில் இந்த 10 வீதம் தனியாகக் கண்ணில் படுவதும் இல்லை. பதிவு செய்யும்போதே உள்ளடக்கமா என்று கேட்டுவிடுவது நல்லது.

அத்தானின் கட்சி நேர் எதிர். கனடாவில் 15 வீதம், மனம் குளிர்ந்தால் 20. அதே கணக்கை இங்கே போட்டால், ஏற்கெனவே போகும் 20,000க்கு மேல் இன்னொரு 30,000 ரூபாய். அங்கே வீதக்கணக்கு ஒரு வேளைச் சாப்பாட்டு பில்லுக்குச் சரி. அறை வாடகை, மது, வரி எல்லாம் கலந்த ஒரு தொகைக்கு அதை நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் அதை ஓர் உறையில் போட்டுக் கடைசி நாளில் கொடுக்கலாம் என்றார். அங்கேதான் பிழை நடந்தது. முதல் இரண்டு நாளும் எங்கள் அறையைத் துப்புரவு செய்தவன் வாழைச்சேனைப் பையன். துவாயை மடித்து அன்னமாக நிறுத்தி, மாமியின் மூக்குக்கண்ணாடியை அதன் கழுத்தில் மாட்டிவிட்டுப் போனவன். மூன்றாம் நாள் அவனுக்கு விடுமுறை. அறைக்கென்று பிரித்த உறை, அன்று காலை முதன்முறையாக எங்கள் கதவைத் தட்டியவனின் கைக்குப் போனது. அவன் நல்லவனாகவே இருக்கட்டும், அன்னம் செய்தவன் அவனல்லவே.

அம்மாவுக்கு வீதமும் தெரியாது, உறையும் தெரியாது. சித்திரை வருடப்பிறப்பில் கைவிசேடம் கொடுப்பதுபோல் அன்றைய காசை அன்றைக்கே கொடுத்தார். காலையில் தலையணை மேல் ஒரு 500 ரூபாய்த் தாள், பக்கத்தில் “தம்பிக்கு” என்று எழுதிய துண்டு. அந்தத் துண்டு முக்கியம். அது இல்லாவிட்டால் மறந்துவிட்டுப் போன காசென்று நினைத்து அறைப்பையன்கள் தொடமாட்டார்கள். மூன்று கட்சியிலும் என் வாக்கு அம்மாவுக்குத்தான்.

எவ்வளவு என்ற கேள்வியைவிட எந்தக் காசு என்ற கேள்வி பெரிது என்பதையும் அங்கேதான் கண்டேன். அத்தான் முதல் நாள் பெட்டி தூக்கியவனுக்கு இரண்டு டொலர் கொடுத்தார். கனடாவில் ஒன்றும் இரண்டும் தாளில் இல்லை, குற்றியாகத்தான் இருக்கின்றன. மறுநாள் மாலை அதே பையன் நீச்சல் குளத்துப் பக்கம் வந்து, காற்சட்டைப் பையிலிருந்து ஒரு கைப்பிடியை அள்ளிக் காட்டினான். கனடாக் குற்றிகள், யூரோக் குற்றிகள், இரண்டு பவுண்ட். “அண்ணா, இவற்றைத் தாளாக மாற்றித் தருவீர்களா? வங்கியில் குற்றி எடுக்கமாட்டார்கள்.” விருந்தினர்கள் பெருமையாகக் கொடுத்த காசு, ஊருக்குத் திரும்பும் யாராவது ஒருவர் இரங்கும்வரை வெறும் உலோகம். யூரோக்களை மாமி மாற்றிக் கொடுத்தார். டிப்ஸே வேண்டாம் என்றவர்தான்! ரூபாய்த் தாள் கொடுங்கள். கிழிந்த டொலர்த் தாளும் வேண்டாம், காசு மாற்றுபவர்கள் முகம் சுளிப்பார்கள்.

மதுச்சாலையில் வேறொரு கூத்து. முதல் நாளே கொடுத்தால் கவனிப்புக் கூடும் என்று யாரோ சொல்ல, அத்தான் வந்த அன்று மாலையே 1,000 ரூபாயை நீட்டினார். உண்மையாகவே கூடியது. அவருடைய கிளாஸ் வற்றவே இல்லை. பக்கத்தில் ஒரு வயதான தம்பதி எலுமிச்சைச் சாற்றுக்குக் கால்மணி நேரம் நின்றார்கள். “இதற்கு டிப்ஸ் என்று பேரில்லை” என்றார் அம்மா.

வரவேற்பு மேசையில் இருந்த டிப்ஸ் பெட்டி, கோவில் உண்டியல் போல. ஐயர் தட்டில் போட்டால் ஐயருக்கு, உண்டியலில் போட்டால் கோவிலுக்கு. சட்டி கழுவுபவருக்கும் துவாய் தோய்ப்பவருக்கும் சேவைக் கட்டணத்துக்கு மேல் நம் காசு போய்ச் சேர அதைவிட்டால் வேறு வழி இல்லை. ஆனால் எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டதற்கு மேசைக்காரர் சிரித்தார், பதில் வரவில்லை. விளக்கமாகச் சொல்லும் இடமாக இருந்தால் தாராளமாகப் போடலாம். சிரிக்கும் இடத்தில் நான் 1,000 ரூபாயோடு நின்றுவிட்டேன்.

என் கணக்கைக் கேட்டால்: அறைக்கு நாளுக்கு 500, இரவு உணவில் நம் மேசையைப் பார்ப்பவருக்கு 500, பெட்டி தூக்கினால் ஒவ்வொரு முறையும் 300, அப்பம் சுடுபவருக்கு ஒருமுறை 500. தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகி, 2026 ஜனவரியில் 30,000 ஆகியது. நாளுக்கு 1,200. அதற்குப் பக்கத்தில் 500 சின்னத் தொகையல்ல. மூன்று இரவுக்குக் கூட்டினால், உண்டியலோடு சேர்த்து 5,100 ரூபாய். அத்தானின் 30,000க்குக் கிட்டவும் வராது, ஆனால் உழைத்தவனின் கையில் நேரே போய் விழும்.

இந்தக் கணக்கு எதிலும் எங்கள் வான் சாரதி வரவில்லை. மணிக்கட்டில் பட்டியில்லாமல், சாரதிகளுக்கென்று ஒதுக்கிய அறையில் மூன்று இரவும் படுத்தவர் அவர். திரும்பும் வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் வான் நின்றபோதுதான் அக்காவுக்கு நினைவு வந்தது. கச்சான் கடை வாசலில் வைத்து 5,000 ரூபாய்த் தாளை அவர் கையில் வைத்தார். அத்தான் பையில் மிஞ்சிக் கிடந்த கனடாக் குற்றியைப் பிள்ளையார் உண்டியலில் போட்டார். பிள்ளையார் அதை எந்த வங்கியில் மாற்றுவார் என்று மாமி கேட்க, சாரதி கச்சான் கோதை ஊதிவிட்டுச் சிரித்தார்.