350 ரூபாய்க்கு ஒரு பழைய ஆலெக் கின்னஸ்

பெங்களூர் சர்ச் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய புத்தகக் கடையில் போன மாதம் வாங்கினேன். பிரிட்டிஷ் நடிகர் ஆலெக் கின்னஸின் சுயசரிதை ‘பிளெஸ்ஸிங்ஸ் இன் டிஸ்கைஸ்’. 1985-இல் வந்தது. நான் வாங்கியது பேப்பர்பேக், 350 ரூபாய்.

முதலில் பிரதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்லாவில் “நல்ல கண்டிஷன்” என்றார்கள். வீட்டுக்கு வந்து நாற்பதாம் பக்கத்தை விரித்ததும் முதுகில் இருந்த பசை அப்பளம் மாதிரி நொறுங்கி, எட்டுப் பக்கம் கையோடு வந்துவிட்டது. மாற்றித் தரமாட்டார்களாம். வேண்டுமானால் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வார்களாம்! வாங்குகிறவர்கள் கடையிலேயே நடுப்பக்கத்தை விரித்துப் பார்த்துவிடுங்கள்.

இதை எடுத்ததே அப்பாவுக்காகத்தான். ‘எ பாசேஜ் டு இந்தியா’ படத்துக்காகப் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் கடைத்தெரு செட் போட்டபோது, அல்சூரிலிருந்து தச்சு வேலைக்குப் போனவர் அவர். அதில் கின்னஸுக்குப் பேராசிரியர் காட்போலே வேடம். வெள்ளைக்காரர் முகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு பிராமணராக வருவதை இப்போது பார்க்கச் சகிக்கவில்லை. அப்பாவோ “நல்லா நடிச்சாரு, சும்மா இரு” என்பார்.

சினிமாக் கதை தேடி வாங்கினால் ஏமாற்றம்தான். மனிதர் தன் படங்களைப் பற்றிக் கொஞ்சமாகத்தான் வாய் திறக்கிறார். தனக்குக் கற்றுக்கொடுத்தவர்களையும் கூட நடித்தவர்களையும் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறார். ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர் இவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட ரயில் பாதைதான் படத்தின் களம். மலாயா தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் ஆட்கள் அங்கே கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். படத்தில் ஒரு தமிழ்த் தொழிலாளிகூடக் கிடையாது. அது கின்னஸின் குற்றமில்லை. ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது.

புத்தகத்தின் உயிர் அவருடைய சின்ன வயதில் இருக்கிறது. 1914-இல் லண்டனில் பிறந்தவர். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. பதினான்கு வயதுக்குள் மூன்று பெயர்கள். நம்மூரில் ரேஷன் கார்டில் இனிஷியல் மாறினாலே எத்தனை படி ஏறி இறங்குகிறோம்! 1949-இல் வந்த ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்’ என்ற ஒரே படத்தில் எட்டுப் பேர் வேடத்தைப் போட்டவருக்கு, இந்தப் பயிற்சி வீட்டிலேயே தொடங்கியிருக்கிறது என்று தோன்றியது.

இன்னொரு இடம். கின்னஸ் கையில் காசில்லாமல் திரிந்த காலத்தில், புகழ்பெற்ற நாடக நடிகர் ஜான் கீல்குட் இருபது பவுண்டை எடுத்து நீட்டுகிறார். இவர் ரோஷப்பட்டு வேண்டாம் என்கிறார். பிறகு 1934-இல் அதே கீல்குட், தான் போட்ட ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் ஆஸ்ரிக் என்ற சின்ன வேடம் கொடுக்கிறார், வாரம் ஏழு பவுண்டுக்கு. இந்தப் பகுதியை இரண்டு முறை படித்தேன்.

ஆங்கிலம் கடினமில்லை, ஆனால் பழைய நாடக நடிகர்களின் பெயர்கள் வரிசையாக வந்து விழும். அந்த இடங்களில் நான் பக்கம் தள்ளினேன்.

புத்தகத்துக்கு ஐந்துக்கு நாலு, பிரதிக்கு ஒன்று. பாதி விலைக்குத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. அவென்யூ ரோட்டுப் பக்கம் பைண்டிங் செய்கிறவரிடம் கொடுத்திருக்கிறேன், 150 ரூபாய். ஓரத்தை வெட்டும்போது எழுத்து கொஞ்சம் போகலாம் என்றார். சரி என்றேன். படங்கள் இருக்கும் பக்கங்களை மட்டும் வெட்டாமல் விடச் சொன்னேன். அப்பா அதைத்தான் பார்ப்பார்.