‘ஃபேமிலிக்கு ஏத்த வண்டியாக்கும்’ என்று பழைய பத்மினியைக் காட்டினால் முதலில் அடியில் குனிந்து பாருங்கள்

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குப் பழைய பிரீமியர் பத்மினி கார் வாங்க நினைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். குமரி மாவட்டத்தின் மேற்கே, பழைய கார்களைப் புதுப்பித்து விற்கிற ஒரு ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் வாங்கிய வண்டியின் கதை இது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை.

வண்டி 1987 மாடல். வெண்ணெய் நிறம், பளபளக்கும் பம்பர், ஸ்டியரிங் தண்டிலேயே கியர். 1089 சிசி என்ஜின் பெரிய வேகம் போகாது, எங்களுக்கு வேகம் தேவையும் இல்லை. பின்சீட்டில் இரண்டு பிள்ளைகளும் என் மாமியாரும் தாராளமாக உட்காரலாம், வடசேரிச் சந்துகளில் ஒடித்துத் திருப்பலாம். பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திற்பரப்புக்கோ முட்டத்துக்கோ போய்வர ஒரு அழகான வண்டி, அவ்வளவுதான் எங்கள் ஆசை.

ஒர்க்‌ஷாப்காரர் வாய் தேன். “மக்களே, இது ஃபுல் ரெஸ்டோரேஷன் ஆக்கும். அடியில தகடு பூராவும் புதுசு. பிள்ளையளுக்குண்ணு பின்சீட்டுல பெல்ட்டு வேற மாட்டியிருக்கேன், இதுக்கு மேல என்ன வேணும்?” என்றார். விலையில் அவர் இறங்காததற்கும் அந்த பெல்ட்டைத்தான் காரணம் சொன்னார். அந்தக் காலப் பத்மினியில் பின்சீட்டு பெல்ட் கம்பெனியிலிருந்து வராது என்பது உண்மைதான். பதினாலு வயது ஆகாத பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம். அபராதம் கிடக்கட்டும், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் உள்ள வண்டியில் பிள்ளையைச் சும்மா உட்கார வைக்க எனக்கு மனசு வராது. சின்னவளுக்கு வாங்கிய குழந்தை இருக்கையை அந்த பெல்ட்டில்தான் இறுக்கிக் கட்டியிருந்தேன்.

மழை தொடங்கியதும் விஷயம் வெளியே வந்தது. வில்லுக்குறி தாண்டி வரும்போது நல்ல மழை. பின்னாலிருந்து பெரியவன், “அம்மா, செருப்பு நனையுது” என்றான். கண்ணாடி ரப்பர் வழியாக ஒழுகுகிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து ரப்பர் மேட்டைத் தூக்கினால், மேலிருந்து ஒரு சொட்டு இறங்கிய தடயம் இல்லை. தண்ணீர் கீழேயிருந்து வந்திருக்கிறது. கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரால் தரையை அமுக்கிப் பார்த்தேன். நமுத்த அப்பளத்தில் குத்தினாற்போல் இறங்கியது.

கோட்டாறில் டிங்கர் வேலை பார்க்கிற பெரியவர் ஒருவரிடம் காட்டினோம். வண்டிக்கு அடியில் படுத்து, கனமாக அப்பியிருந்த தாரை உளியால் கொத்திக் கொத்தி எடுத்தார். ‘புதுத் தகடு’ என்பது தட்டி நிமிர்த்திய எண்ணெய் டின். நாலு மூலையில் ரிவெட் அடித்து, ஓரத்தில் பட்டி (பள்ளம் நிரப்பப் பூசும் பசை) பூசி, மேலே தார். ஒரு துண்டில் அச்சடித்த தேங்காய்ப் படம்கூட அழியவில்லை. டின்னுக்கு மேலே பழைய தரைத் தகடு துருப்பிடித்துச் செதில் செதிலாக நின்றது.

அப்புறம் பெல்ட்டைப் பார்த்தார். அது மாட்டிய போல்ட்டுக்கு அடியில் கனமான இரும்புத் தகடு வைத்திருக்க வேண்டும். இழுவிசை ஒரே ஓட்டையில் விழாமல் பரவ அதுதான் வழி. இங்கே இருந்தது சின்ன வாஷர் ஒன்று. அவர் கதவுக்குக் கீழே ஒரு காலை ஊன்றி, பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். போல்ட், வாஷர், அதோடு ஒட்டிய பட்டிக் கட்டி எல்லாம் கையோடு வந்துவிட்டன. “பிள்ளைய இதுலயா கெட்டி வச்சிருந்திய?” என்று கேட்டார். எனக்குக் கை கால் வெலவெலத்துவிட்டது.

பத்மினிக்குத் தனிச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. தரைத் தகடும் கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி மடிப்பும்தான் வண்டியைத் தாங்குகின்றன. மெட்ராசில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் தனிச் சேஸிஸ் உண்டு, அதில் தரை ஓட்டையானாலும் ஒருவிதமாகச் சமாளிக்கலாம். பத்மினியில் தரை போனால் வண்டியே போன மாதிரி. நம் மாவட்டத்தில் ஒரு பக்கம் குளச்சல், முட்டம் என்று உப்புக் காற்று, மறுபக்கம் வருஷத்துக்கு இரண்டு பருவமழை. இங்கே ஓடின பழைய வண்டியில் துரு இல்லை என்று ஒருவர் சத்தியம் செய்தால், அந்த ஆளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொன்று. சின்னவள் காரில் ஏறினால் வாந்தி எடுப்பாள். பிள்ளைகளுக்குப் பயணம் ஒத்துக்கொள்ளாது என்று எல்லோரும் சொன்னார்கள். பெட்ரோல் ஹோஸ் பொருக்கு வெடித்து நின்றதைப் பெரியவர்தான் காட்டினார். அதை மாற்றாமல் மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்! இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பருக்கு அது ஆகாது. எத்தனால் தாங்கும் ஹோஸும் பெட்ரோல் பம்புக்குப் புது டயஃப்ரமும் போட்ட பிறகு வண்டிக்குள் வாசனை இல்லை. நிறுத்தி வைத்த வண்டிக்குள் உட்கார்ந்தாலே முகம் சுளித்தவள் அதன் பிறகு அதில் ஏறி விளையாடினாள்.

திரும்பிப் போய்க் கேட்டதற்கு, “பழைய வண்டிண்ணா அப்படித்தான் இருக்கும். பெயிண்டு வேலை நல்லாத்தானே செய்து தந்திருக்கு?” என்றார். பில்லில் ‘டிங்கரிங், பெயிண்டிங்’ என்று ஒரே வரி, ஒரே தொகை. நல்லவேளை, ‘தகடு பூராவும் புதுசு’ என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் அழியாமல் இருந்தது. இப்படிப்பட்டவர்களிடம் பேசுவதை எழுத்திலோ குரலிலோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தரைத் தகடு மாற்றினேன் என்றால், வெட்டி எடுத்த நிலையில் போட்டோ கேளுங்கள். உண்மையில் மாற்றியவன் தன் வேலையைக் காட்டத்தான் போட்டோ எடுத்து வைத்திருப்பான்.

வாங்கும் முன் வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் ராம்ப்பில் ஏற்றிப் பாருங்கள். விற்பவர் மறுத்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். பெயிண்ட் கீறாமல் இருக்கத் துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் அடிப்பகுதியிலும் சக்கர வளைவிலும் ஓட்டுங்கள். பட்டி கனமாக இருக்கிற இடத்தில் பிடிக்காது. தரையில் ரப்பர் மேட்டைத் தூக்காமல் விடாதீர்கள். பெல்ட் இருந்தால் முழுப் பலத்தோடு இழுங்கள், வெட்கப்படாதீர்கள்.

ஆர்.சி. புதுப்பித்திருக்கிறது, இன்னும் பல வருஷம் ஓடும் என்று காட்டுவார்கள். எங்களுக்கும் காட்டினார். 15 வருஷம் முடிந்த சொந்தக் காரை ஐந்தைந்து வருஷத்துக்குப் புதுப்பிப்பது சட்டப்படி வேண்டியதுதான், ஆனால் எண்ணெய் டின்னைப் பற்றி அந்தத் தாளில் ஒன்றும் இருக்காது. கட்டணத்தையும் கணக்கில் வையுங்கள்: 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது, 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். ‘50 வயசானா விண்டேஜ், விலை எங்கேயோ போகும்’ என்கிற பேச்சும் வரும். விண்டேஜ் பதிவு செய்த வண்டியைக் கண்காட்சி, ரேலி மாதிரியான காரியங்களுக்குத்தான் சாலையில் இறக்கலாம். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்ற அது உதவாது.

ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் பில்லோடு வாங்கியிருந்தால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும், ஆன்லைனிலும் கொடுக்கலாம். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கேட்டுப் பார்க்கலாம். நாங்கள் டின் துண்டையும் போல்ட்டையும் பத்திரமாக வைத்து, வாய்ஸ் மெசேஜோடு புகார் கொடுத்துவிட்டோம்.

வண்டி இப்போது பெரியவரின் கொட்டகையில் நிற்கிறது. தரை முழுக்க வெட்டிக் கனமான தகடு வெல்டிங் செய்கிறார், பெல்ட்டுக்குத் தனித் தகடு வைக்கிறார். செலவு கையைக் கடிக்கிறது. நோட்டீஸ் போன பிறகு ஒர்க்‌ஷாப்காரர் சமாதானம் பேச ஆள் அனுப்பினார். பணம் திருப்பித் தருகிறேன் என்று அல்ல. இலவசமாக இன்னொரு கோட் தார் அடித்துத் தருகிறாராம்.