40ஆம் பக்கத்தை மட்டும் காட்டி விற்ற புத்தகங்கள்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது சிங்கப்பூர் தேக்காவில் மேசை போட்டு, வரலாறும் வாழ்க்கை வரலாறுமாகப் பன்னிரண்டு தமிழ்ப் புத்தகங்களுக்கு முன்பதிவு வாங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் 180 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டினேன். வந்தது எட்டுப் புத்தகம். அந்த எட்டும் படிக்கிற மாதிரி இல்லை. பணமும் திரும்பவில்லை. அதே ஆட்கள் இப்போது வேறு பெயரில் கிளம்பியிருக்கிறார்கள் என்று போன வாரம் நண்பர் ஒருவர் விளம்பரப் படத்தை அனுப்பினார். அதனால்தான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

புத்தகம் வாங்கியது பெரியப்பாவுக்காக. 91 வயது, தோ பாயோவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போய் ஒரு மணி நேரம் எதையாவது வாசித்துக் காட்டுவது வழக்கம். கண்புரை எடுத்த பிறகும் சின்ன எழுத்து அவருக்குப் பிடிபடுவதில்லை. கதை, கவிதை வேண்டாம் என்பார். "நடந்ததைப் படி" என்பார். அவருக்கு 'நடந்தது' என்றால் பெரும்பாலும் ஜப்பான்காரன் காலம்தான். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு, வாழைமரம் அச்சடித்த நோட்டு, கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்தது, 1943 ஜூலையில் அவருடைய அப்பா கையைப் பிடித்துக்கொண்டு பாடாங் திடலில் நேதாஜியைப் பார்த்தது. (பார்த்தது தொப்பியை மட்டும்தான் என்று அவரே ஒப்புக்கொள்வார்.)

அதனால் அந்த மேசையில் இருந்த பட்டியலைப் பார்த்ததும் எனக்குக் கால் நகரவில்லை. இங்கே முதலில் வந்த தமிழர்களில் ஒருவரான நாராயண பிள்ளை, 1915இல் இங்கே நடந்த சிப்பாய்க் கலகம், நேதாஜி, அவருடைய பெண்கள் படையான ஜான்சி ராணிப் படை, 'தமிழ் முரசு' நாளிதழை நிறுவிய கோ. சாரங்கபாணி, சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம். எல்லாம் தமிழில், எல்லாம் பொது வாசகருக்கு, எழுத்தும் பெரிது. இந்த வகையில் தமிழில் எவ்வளவு குறைவாகக் கிடைக்கிறது என்று தேடியவர்களுக்குத் தெரியும். அந்தப் பசியைத்தான் அவர்கள் விலையாக்கினார்கள்.

மேசையில் இருந்த தம்பி நன்றாகப் பேசினார். யார் எழுதியது என்று கேட்டேன். "ஆய்வுக் குழு அண்ணே, பேராசிரியர்கள் எல்லாம் இருக்காங்க." பேர்? "அதெல்லாம் பின்னட்டையில வந்துரும்." அங்கேயே நான் திரும்பி நடந்திருக்க வேண்டும்.

மாதிரிக்கு ஒரே ஒரு புத்தகம் வைத்திருந்தார்கள், சாரங்கபாணி பற்றியது. கையில் எடுத்தால் அது தானாகவே 40ஆம் பக்கத்தில் திறந்துகொண்டது. முதுகு அந்த இடத்தில் மடிந்து போயிருந்தது. பலரும் ஆர்வமாகப் படித்த பக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நானும் இரண்டு பக்கம் நின்றபடியே படித்தேன். 1924இல் திருவாரூரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த இளைஞர், 1935இல் 'தமிழ் முரசு' தொடங்கியது, 1952இல் தமிழர் திருநாள். கச்சிதமான தமிழ். அடுத்த நிமிடம் கைப்பேசியை எடுத்துப் பேநவ்வில் (கைப்பேசி எண்ணுக்கே பணம் அனுப்பும் வசதி) பணம் அனுப்பிவிட்டேன். திரையில் வந்த பெயர் ஏதோ செல்லப்பெயர். அதையும் கவனிக்கவில்லை.

தீபாவளிக்குள் வரும் என்றார்கள். தீபாவளி முடிந்து ஆறு வாரம் கழித்துப் பெட்டி வந்தது. எட்டுப் புத்தகம். மீதி நான்கு "அச்சில்". முதல் புத்தகத்தை விரித்ததுமே முதுகில் இருந்த பசை விட்டு நடுத்தாள்கள் கையோடு வந்தன. சரி, பைண்டிங்தானே என்று பொறுத்துக்கொண்டேன். உள்ளே பல பக்கங்களில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் எழுத்துக்குப் பதிலாகப் புள்ளிவட்டம். எழுத்துரு உடைந்ததை ஒருவர்கூடப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பின்னட்டையில் பேராசிரியர் பெயர் ஒன்றுகூட இல்லை, 'ஆசிரியர் குழு' என்று மட்டும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவுக்கு நேதாஜி புத்தகத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன். இரண்டாம் அத்தியாயத் தலைப்பு: 'சிங்கப்பூரின் இலையுதிர்காலம், 1942'. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை, ஏதோ கவித்துவமாக வைத்திருக்கிறார்கள் என்று மேலே போனேன். பெரியப்பா கையைத் தூக்கினார்.

"என்னது?"

"இலையுதிர்காலம், பெரியப்பா."

"இங்க ஏதுடா இலையுதிர்காலம்? வெயிலும் மழையுந்தானே?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆங்கிலத்தில் 'ஃபால்' என்று இருந்திருக்கிறது. வீழ்ச்சி என்று வரவேண்டியதை எந்திரம் இலையுதிர்காலமாக்கிவிட்டது. பிரிட்டிஷ்காரன் சரணடைந்த நாளில் எங்கள் ஊர் மரங்களெல்லாம் இலை உதிர்த்துக்கொண்டு நிற்கின்றன.

அதற்குப் பிறகு நாங்கள் வாசிக்கவில்லை, வேட்டையாடினோம். கேப்டன் லட்சுமி 'அணித்தலைவி லட்சுமி' ஆகியிருந்தார். "எந்த டீமுக்கு?" என்றார் பெரியப்பா. இங்கே மருத்துவராக இருந்து, 1943 அக்டோபரில் வாட்டர்லூ ஸ்திரீட்டில் முகாம் தொடங்கிய ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்ற அம்மா அவர். இவர்கள் கையில் கூடைப்பந்து கொடுக்காத குறை. 1915இல் கலகம் செய்த படையின் பெயர் ஐந்தாவது லைட் இன்ஃபன்ட்ரி. கனமான தளவாடம் இல்லாமல் வேகமாக நகரக்கூடிய காலாட்படையைத்தான் முதலில் அப்படிச் சொன்னார்கள். புத்தகத்தில் அது 'ஐந்தாவது ஒளிக் காலாட்படை'. ராஜரத்தினம் நூலில் 23ஆம் பக்கம்: 'அவர் 1966இல் தேசிய அடமானத்தை எழுதினார்'. உறுதிமொழிக்கும் அடகுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல், பிளெட்ஜ். பெரியப்பா சிரித்துச் சிரித்து இருமல் வந்து, நான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

சொல் பிழையோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். கலகம் தொடங்கியது 1915 பிப்ரவரி 15. பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் சரணடைந்தது 1942 பிப்ரவரி 15. இரண்டும் ஒரே தேதி என்பதால் இரண்டையும் கலந்து, அலெக்சாண்டிரா பாளையத்தில் கலகம் செய்த சிப்பாய்கள் அதே ஃபோர்டு தொழிற்சாலையில் சரணடைந்ததாக எழுதியிருக்கிறது. அந்தத் தொழிற்சாலையே 1941இல் வந்தது! கலகத்துக்குப் பிறகு 47 பேரைச் சுட்டுக்கொன்றார்கள், ஊட்ரம் சிறைச் சுவருக்கு முன்னால், ஊர் கூடிப் பார்க்க. அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ராஜரத்தினம் முதல் அத்தியாயத்தில் சிரம்பானில் பிறக்கிறார், மூன்றாம் அத்தியாயத்தில் யாழ்ப்பாணத்தில் பிறக்கிறார். (பிறந்தது யாழ்ப்பாணம், வளர்ந்தது சிரம்பான்.) பெரியப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு, "பெரியவன் நான் சிரிச்சுட்டேன். சின்னப் பிள்ளை படிச்சா நம்பிடுமேடா" என்றார்.

அது ஏற்கெனவே நடந்திருந்தது. என் மகள் பள்ளித் தமிழ்ப் பாடத்துக்குச் சாரங்கபாணி நூலிலிருந்து இரண்டு பத்தி எடுத்து எழுதிக் கொடுத்திருக்கிறாள். அந்த நூலில் 40ஆம் பக்கத்தைத் தாண்டினால் அவர் பெயர் 'சரங்கப்பானி', ஊர் 'திருவரூர்', பத்திரிகை 'தமிழ் முராசு'. ஆங்கில எழுத்தைப் பார்த்து ஒலிபெயர்த்த கோலம். ஆசிரியை 'முராசு'வைச் சிவப்பில் வட்டமிட்டு, "இது நம் நாளிதழின் பெயர்!" என்று எழுதி அனுப்பியிருந்தார். ஆச்சரியக்குறியைப் பார்த்து எனக்குத்தான் கூசியது.

அப்படியானால் 40ஆம் பக்கம் மட்டும் எப்படி நன்றாக இருந்தது? விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்குப் போனபோது தற்செயலாகக் கிடைத்தது விடை. பழைய விழா மலர் ஒன்றில் அதே கட்டுரை, வரிக்கு வரி. எழுதியவர் பெயரை மட்டும் எடுத்துவிட்டு நடுவில் செருகியிருக்கிறார்கள். மாதிரிப் புத்தகத்தின் முதுகை அந்த இடத்தில் யார், எதற்காக மடித்து வைத்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

வாட்ஸ்அப்பில் கேட்டேன். முதல் பதில்: "பிரிண்டிங் மிஸ்டேக் அண்ணே, அடுத்த பதிப்பில் சரி பண்ணிடுவோம்." பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினேன். "பிரித்துப் படித்த புத்தகத்தைத் திரும்ப எடுப்பதில்லை." வராத நான்கு புத்தகங்களுக்காவது பணம் கொடுங்கள் தம்பி என்றேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுநாள் வாங்கியவர்கள் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். புத்தகத்தில் போட்டிருந்த முகவரிக்கு நேரிலும் போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு துணைப்பாட வகுப்பு நடக்கிறது. அவர்களுக்குப் புத்தகக்காரர்களைத் தெரியவே தெரியாது. இதற்கு முன்பும் இரண்டு பேர் வந்து கேட்டார்களாம்.

அப்புறம்தான் வாங்குவதற்கு முன் செய்திருக்க வேண்டியதை எல்லாம் செய்தேன். எட்டுப் புத்தகத்திலும் ஒரே ஐஎஸ்பிஎன், அதாவது நூலை அடையாளம் காட்டும் உலகப் பொது எண். ஒவ்வொரு நூலுக்கும் தனி எண் இருக்க வேண்டும், ஒரே நூலின் கெட்டி அட்டைக்கும் சாதா அட்டைக்கும்கூட வேறு வேறு எண். இவர்களுடையது எண்ணே இல்லை, அலங்காரம். பதின்மூன்று இலக்கத்தையும் வரிசையாக 1, 3, 1, 3 என்று பெருக்கிக் கூட்டினால் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். கால்குலேட்டர் இருந்தால் ஒரு நிமிட வேலை. இவர்களுடையது வகுபடவில்லை. தேசிய நூலகப் பட்டியலிலும் இல்லை. சிங்கப்பூரில் வெளியாகும் நூலுக்கு இரண்டு படி நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். ரசீதில் வர்த்தகப் பதிவு எண்ணும் கிடையாது.

பெயரடைவு இல்லை, சான்று நூல் பட்டியல் இல்லை என்பதை வைத்து மட்டும் போலி என்று முடிவு கட்டாதீர்கள். நம் தமிழ்ப் பதிப்புகளில் நல்ல வரலாற்று நூல்களிலேயே பெயரடைவு இருப்பதில்லை, அது தனிச் சோகம். ஆனால் எழுதியவருக்குப் பெயர் இல்லாத வாழ்க்கை வரலாற்றை இனி நான் தொடமாட்டேன். ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்கிறவர் யார், எங்கிருந்து தெரிந்துகொண்டார் என்று சொல்லியாக வேண்டும். படங்களுக்குக் கீழே எங்கிருந்து எடுத்தது என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இவர்களுடைய நூல்களில் படம் எல்லாம் கணினி வரைந்தது. ஜான்சி ராணிப் படையினரின் துப்பாக்கிகள் பாதி பாட்டிலாகவும் பாதி குழாயாகவும் இருக்கின்றன.

பயனீட்டாளர் சங்கத்தில் கேட்டதற்கு, சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்றார்கள். வழக்கறிஞர் தேவையில்லை, 20,000 வெள்ளி வரை கோரலாம், என்னைப் போல சின்னத் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். ஆனால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு செல்லப்பெயரும் துணைப்பாட வகுப்பின் கதவு எண்ணும். போலிஸ் புகார் கொடுத்திருக்கிறேன். நீங்களும் கட்டி ஏமாந்திருந்தால் பேநவ் பதிவையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாமல் புகார் கொடுத்து வையுங்கள். 180 வெள்ளிக்குப் போய் எதற்கு என்று பலர் விட்டிருப்பீர்கள், நானும் இரண்டு மாதம் அப்படித்தான் விட்டிருந்தேன்.

பெரியப்பாவுக்கு இப்போது வாசிப்பது நூலகத்தில் இரவல் எடுப்பதைத்தான். பழைய 'தமிழ் முரசு' பக்கங்களையும் தேசிய நூலகத்தின் நாளிதழ்த் தொகுப்பில் தேடிப் பெரிதாக்கிக் காட்டுகிறேன். பெயர், தேதி, சினிமா விளம்பரம் எல்லாம் அப்படியே இருக்கிறது. கட்டுரையைவிட விளம்பரங்களில்தான் அவருக்கு ஈடுபாடு. ராஜரத்தினம் நூலை மட்டும் தூக்கிப் போட விடமாட்டேன் என்கிறார். கீழே கோப்பிக் கடைக்கு எடுத்துப் போய் நண்பர்களுக்கு 23ஆம் பக்கத்தைக் காட்டுகிறாராம்.

புதிய விளம்பரத்தில் பத்துப் புத்தகம், 168 வெள்ளி, அட்டை நீலத்துக்குப் பதில் மெரூன். எங்காவது மேசையைப் பார்த்தால் மாதிரிப் புத்தகத்தைக் கையில் வாங்கி, தானாகத் திறக்கும் பக்கத்தை விட்டுவிட்டு வேறு எதையாவது புரட்டிப் பாருங்கள்.