ஹான் நாயா, டாங் குதிரையா?

சீனக் கல்லறைச் சுடுமண் விலங்குகள் என்றதும் டாங் அரசமரபுக் காலத்து (618–907) மூவண்ணக் குதிரைதான் நினைவுக்கு வரும். அதைவிட எண்ணூறு ஆண்டு மூத்த ஹான் அரசமரபுக் காலத்துப் பன்றியையும் நாயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு ஹானுக்குத்தான்.

சியான் அருகே யாங்லிங்கில், கி.மு. 141இல் இறந்த பேரரசர் ஜிங்கின் கல்லறையைச் சுற்றியுள்ள குழிகளில் ஆடு, மாடு, பன்றி, நாய், கோழி எல்லாம் மந்தை மந்தையாகக் கிடைத்தன. இறந்தவரின் மறுவாழ்வுக்கான உணவும் கால்நடைச் செல்வமும் அவை. பளபளக்கும் பூச்சு கிடையாது. நாயின் விறைத்த காதும் பன்றியின் தொங்கும் வயிறும் வடிவத்தாலேயே உயிர்பெற வேண்டும், பெற்றிருக்கின்றன. பலவீனம் வண்ணத்தில். சூளைக்குப் பிறகு தீட்டியதால் அது மண்ணோடு உருகிச் சேரவில்லை. ஈரமண்ணிலிருந்து எடுத்ததும் காய்ந்து செதிலாக உரியும். தண்ணீரில் கழுவினால் போயே போய்விடும். பிற்கால ஹான் பொம்மைகளில் பச்சை ஈயப் பூச்சு வந்தது. கல்லறை ஈரத்தில் அரிக்கப்பட்டு அதன்மேல் வெள்ளி மினுக்கம் படிவதுண்டு.

டாங் குதிரை இறுதி ஊர்வலத்தில் ஊர் பார்க்கச் சென்ற பொருள். அந்தப் பகட்டு அதன் செய்முறையிலும் தெரியும். உடல், தலை, கால் என அச்சில் தனித்தனியாக எடுத்து, களிமண் குழம்பால் ஒட்டுவார்கள். உள்ளே வெற்றிடம். வயிற்றில் ஒரு துளை விடுவார்கள், நீராவி அடைபட்டால் சூளையில் வெடித்துவிடும். மெல்லிய கால்கள் அந்த எடையைத் தாங்காது. அதனால்தான் நாலையும் பிணைக்கும் தட்டைப் பீடம். அப்படியும் முதலில் உடைவது கால்தான்.

வெண்களிமண்ணை ஏறக்குறைய 1000–1100 டிகிரி செல்சியஸில் சுட்டு, ஈயப் பூச்சிட்டு, 800–900 டிகிரியில் மறுபடி சுடுவார்கள். செம்பு பச்சையும் இரும்பு தேன்நிறமும் தரும். கோபால்ட் நீலம் அரிது. உருகிய ஈயப் பூச்சு தேன்போல வழிவதால்தான் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கசிகின்றன. அழகும் தொல்லையும் அதுவே: பீடத்தின் அடிவரை பூசினால் சூளைத் தளத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று சற்று மேலேயே நிறுத்திவிடுவார்கள்.

டாங் குதிரைக்குப் போலிகள் ஏராளம். கடைசியாகச் சுட்ட காலத்தைச் சொல்லும் வெப்ப ஒளிர்வுச் சோதனைக்கு ஒரே இடத்தில் மாதிரி எடுத்தால் போதாது. பழைய துண்டைப் புது உடலில் ஒட்டி விற்பார்கள்; பீடம், கால், வயிறு என மூன்று இடத்திலாவது துளையிட்டுப் பார்க்க வேண்டும்.