புளியமர ஷட்டிலில் டாட்டிங்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

டாட்டிங், அதாவது நூலில் கையால் முடிச்சு முடிச்சாகப் போடும் லேஸ், போடுகிறவர்களிடம் மர ஷட்டிலை, அதாவது நூல் சுற்றிவைக்கும் சிறு படகு போன்ற கருவியைப் பற்றிக் கேட்டால் முதலில் அதன் அழகைத்தான் சொல்வார்கள். சில வருடங்கள் புழங்கிவிட்ட எனக்கு அழகு கடைசிதான். அதன் மேலும் கீழுமுள்ள இரண்டு தகடுகளின் நுனியும் ஒன்றையொன்று தொடுகிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

தொட்டால், நாம் இழுக்கும்போது மட்டும் 'டிக், டிக்' என்று சுற்றுச் சுற்றாக நூல் வரும். இடைவெளி இருந்தால், கை தவறியதும் ஷட்டில் நூலை அவிழ்த்துக்கொண்டே கட்டிலுக்கு அடியில் போய் நிற்கும். 20ஆம் எண் நூலில் இதை ஓரளவு சமாளிக்கலாம். எண் கூடக் கூட நூல் மெலியும். 80ஆம் எண்ணில் ஒரு மயிரிழை இடைவெளி கூட ஆகாது. நூலைச் சுற்றி, அதன் முனையைப் பிடித்து ஷட்டிலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். அப்படியே தொங்கினால் சரி.

எனக்குச் செய்து கொடுத்தவர் கிருஷ்ணகிரியில் கதவு, ஜன்னல் வேலை பார்க்கும் ஒரு ஆசாரி. மாதிரிக்குப் பிளாஸ்டிக் ஷட்டிலை நீட்டியதும், "இதென்னம்மா, பொம்மைப் படகா?" என்றார். மாங்காய்க்குப் பேர்போன ஊராயிற்றே, முதலில் மாம்பலகையில்தான் செய்தார். மா மெத்தென்ற மரம். எவ்வளவு தேய்த்தாலும் கொஞ்ச நாளில் நுனியில் சிம்பு எழுந்து நூலைப் பிடித்தது. அடுத்து, புளியமரத்தின் வைரம் பாய்ந்த பகுதியில் செய்தார். உளி இறங்கவில்லை என்று அலுத்துக்கொண்டார். ஆனால் நான் இன்றுவரை வைத்திருப்பது அதைத்தான். நுனி இன்னும் வழவழவென்றே இருக்கிறது.

செய்யச் சொல்கிறவர்கள் மரத்தின் ரேகை நீளவாட்டில் ஓடும்படி அறுக்கச் சொல்லுங்கள். குறுக்கே ஓடினால் நுனி ஒடிந்துவிடும். தகடுகளுக்கு நடுவே நூல் சுற்றும் கட்டையில், நூல் கட்ட ஒரு துளை வேண்டும். நாம் சொல்லாவிட்டால் போட மாட்டார்கள். நுனியில் கொக்கி மட்டும் வேண்டாம், மரத்தில் அது நிலைக்காது. பிக்காட்டில், அதாவது முடிச்சுகளுக்கு நடுவே விடும் சிறு நூல் வளையத்தில் இணைக்க மெல்லிய குரோஷா ஊசி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வதே மேல்.

மரத்தின் உண்மையான லாபம் வெயில் காலத்தில் தெரியும். டாட்டிங்கில் முடிச்சு ஷட்டில் நூலில் தங்கக்கூடாது. இடது கை விரல்களைத் தளர்த்தி, ஷட்டில் நூலைச் சுண்டி, முடிச்சை இடது கையில் சுற்றியிருக்கும் மறு நூலுக்கு மாற்ற வேண்டும். மாறாவிட்டால் முடிச்சுகளுக்குள் ஓடும் உள்நூல் நகராது, முடிச்சுகளை இழுத்து வளையமாக்கும் ரிங்கை மூட முடியாது. சித்திரை வியர்வையில் பிளாஸ்டிக் வழுக்கும்போது இந்தச் சுண்டல் பிசகும். மரம் கையில் நிற்கிறது.

மழைக்காலத்தில் நிலைமை தலைகீழ். ஐப்பசியில் மரம் லேசாக உப்பி நுனி இறுகிவிடுகிறது. நூலை வெடுக்கென்று இழுக்க வேண்டியிருக்கும். நாலு நாள் வெயில் அடித்தால் தானே சரியாகும். அதற்காகத் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், வெள்ளை நூலெல்லாம் கறையாகும். தேன்மெழுகைத் தேய்த்துப் பருத்தித் துணியால் அழுத்தித் துடைத்தால் போதும். அப்புறம், ஓரத்தைத் தாண்டிப் பிதுங்குமளவுக்கு நூலைச் சுற்றக்கூடாது. தகடுகள் விரிந்தே பழகிவிட்டால் நுனி மறுபடி சேராது.

பிளாஸ்டிக்கைவிட விலை பல மடங்கு. வீட்டில் உட்கார்ந்து ரவிக்கைக் கைக்கு ஓரம் போடுகிறவர்களுக்கு அந்தக் காசு தகும். ஓசூர் பஸ்ஸில் போகும்போது நான் எடுத்துப் போவது பிளாஸ்டிக்தான். சீட்டுக்கு அடியில் விழுந்து யாராவது மிதித்தாலும் மனசு பதறாது.