அகத்தி வைரஸின் உறையைப் பார்க்க நல்ல இடம்: ஆர்சிஎஸ்பி பிடிபி தளம்

தாவர வைரஸின் உறை, அதாவது அதன் வெளிப்புறப் புரத ஓடு, எப்படிக் கட்டப்படுகிறது என்று படிப்பவர்கள் பாடப்புத்தகப் படத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் இந்தத் தளத்துக்குக் கட்டாயம் போய்ப் பாருங்கள். 1971-இல் தொடங்கிய புரதக் கட்டமைப்புக் களஞ்சியம் இது. காசு கிடையாது, கணக்கும் தொடங்க வேண்டாம். தேடல் பெட்டியில் 1எஸ்எம்வி என்ற அடையாளக் குறியீட்டை ஆங்கில எழுத்தில் அடித்தால் செஸ்பேனியா மொசைக் வைரஸ் வந்து நிற்கும். நம் அகத்தி மரத்தைத் தாக்கும் வைரஸ், அதுவும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கண்டறிந்த கட்டமைப்பு என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

முப்பரிமாணக் காட்சியைத் திறந்ததும் முழு உருண்டை தெரியும், ஒரே உறைப் புரதத்தின் 180 பிரதிகள். அழகுதான், ஆனால் விஷயம் உள்ளே இருக்கிறது. அசெம்ப்ளி என்ற இடத்தில் அசிமெட்ரிக் யூனிட்டுக்கு (திரும்பத் திரும்ப வந்து முழு உறையையும் ஆக்கும் அடிப்படைத் துண்டு) மாற்றுங்கள், ஏ, பி, சி என்று மூன்றே செயின்கள், அதாவது புரதச் சங்கிலிகள், மிஞ்சும். அமினோ அமில வரிசையில் மூன்றும் அச்சு அசல் ஒன்றே, இருந்தும் சி-யில் மட்டும் தொடக்க முனையின் ஒரு பகுதி ஒழுங்காக மடிந்து நீண்டிருக்கிறது, மற்ற இரண்டில் அது கண்ணில் படாது. முழு உறையில் மூன்று சி-க்களின் இந்த முனைகள் ஒன்றுகூடி ஒரு வளையமாகப் பின்னிக்கொள்கின்றன. அப்புறம் ஒரு கால்சியம் அயனியைத் தொட்டுப் பாருங்கள்: ஒரு புரதத்தின் 146, 149-ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலங்கள் (ஒரு வகை அமினோ அமிலம்) ஒரு பக்கம், பக்கத்துப் புரதம் மறுபக்கம், இரண்டுமாகச் சேர்ந்து அதைப் பிடித்திருக்கும். இவ்வளவு நெருக்கத்தில் இதைக் காட்டும் புத்தகம் எதையும் நான் பார்த்ததில்லை.

குறை என்றால், கட்டி முடித்த உறை மட்டும்தான் தெரியும், எது எதோடு முதலில் சேர்ந்தது என்பது தெரியாது. அந்த வளையத்தைப் பார்த்தால் அதுதான் எல்லாவற்றையும் தாங்குகிறது என்று தோன்றிவிடும். ஆனால் வளையத்துக்குரிய 48 முதல் 59 வரையிலான அமினோ அமிலப் பகுதியை ஆய்வாளர்கள் நீக்கிப் பார்த்தபோதும் 180 புரத உறை உருவானது! முதல் 65 அமினோ அமிலங்களை எடுத்துவிட்டாலோ 60 புரதங்கள் கொண்ட சின்ன உறையாகச் சுருங்குகிறது. அதே முனையில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்களை மாற்றினால் உறை உருவாகும், ஆனால் வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏ அநேகமாக உள்ளே ஏறாது. ஆகவே படத்தோடு ஆய்வுக் கட்டுரைகளையும் சேர்த்தே படியுங்கள். ஃபோனில் வேண்டாம், அமினோ அமிலத்தைத் தனியாகத் தொட்டுப் பார்க்கக் கணினியும் மவுசும்தான் சரி.